கீக்ரான் கே2 விசைப்பலகை வாங்கலாமா? கவனிக்க வேண்டியவை
மெக்கானிக்கல் விசைப்பலகைகளில் பிரபலமான கீக்ரான் கே2, சாதாரண விசைப்பலகையைவிடப் பல மடங்கு விலை அதிகம். சாதாரண வகையில் ரப்பர் படலம் செய்யும் பணியை, இதில் ஒவ்வொரு விசையின் கீழும் உள்ள சுருள்வில் ஸ்விட்ச் செய்கிறது. எனவே அழுத்தம் சீராக இருக்கும். நீண்ட காலம் உழைக்கும்.

84 விசைகள் கொண்ட இதனைப் புளூடூத் மூலம் 3 சாதனங்களுடன் இணைக்கலாம். ஆனால், வலப்புறத்தில் தனி எண் விசைகள் கிடையாது. ஜிஎஸ்டி, கணக்குப் பதிவுப் பணிகளில் நாள்தோறும் எண்களை உள்ளிடுவோருக்கு இது பெரும் குறை.

நீல ஸ்விட்ச் ஒலி எழுப்பும். பலர் பணிபுரியும் அலுவலகத்துக்குச் சிவப்பு பொருத்தம். பழுதான ஸ்விட்சை எளிதில் கழற்றி மாற்ற 'ஹாட்-ஸ்வாப்' வகையைத் தேர்வு செய்வது அவசியம்; மற்றதில் சால்டரிங் தேவைப்படும்.

எழுத்துப் பணி மிகுந்தோருக்கு இச்செலவு தகும். எண் பணி மிகுந்தோர் முழு அளவு விசைப்பலகையை நாடுவதே நல்லது.