போல்ட்டின் தலையெழுத்து



"எல்லாம் என் தலையெழுத்து" என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். பழைய இரும்புக் கடையில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. மூட்டை மூட்டையாக வரும் போல்ட்டு, நட்டுகளைப் பார்த்துப் பார்த்து தகர டின்களில் போடுவார். பள்ளிக்கூடம் போனதில்லை, பேப்பர் படிக்கத் தெரியாது. ஆனால் 8.8 எது, 10.9 எது என்று போல்ட்டின் தலையைப் பார்த்ததுமே சொல்லிடுவார். அதையும் ஒரு படிப்பு என்று அவர் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நினைத்ததில்லை.

போன செமஸ்டரில் நம் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் பழைய 'மசில் கார்'களைப் புதுப்பிப்பது பற்றியது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். இன்ஜினைப் பற்றி இருக்கும் என்று பிரித்தால், போல்ட்டு நட்டுக்கே ஒரு முழு அத்தியாயம்! முதலில் சிரிப்பு வந்தது. படித்து முடித்தபோது அப்பா ஞாபகம் வந்தது.

மசில் கார் என்பது என்ன? நடுத்தர அளவுக் காரில் பெரிய வி-8 இன்ஜினைப் பொருத்தி, சாதாரண ஆளும் வாங்கும் விலையில் விற்ற வண்டி. 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.தான் இதைத் தொடங்கி வைத்தது என்பார்கள். இன்று அவை பொக்கிஷம். 1971-ம் ஆண்டு தயாரான பிளைமவுத் ஹெமி குடா திறந்த கார் ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் ஏமாற்று வேலையும் இருக்கும் அல்லவா? அதனால்தான் வாங்குபவர்கள் போல்ட் வரைக்கும் குனிந்து பார்க்கிறார்கள். அவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

முதலாவது, தலையில் உள்ள கோடுகள். 3 கோடு இருந்தால் கிரேடு 5. 6 கோடு என்றால் கிரேடு 8. கோட்டோடு 2-ஐக் கூட்டினால் கிரேடு வந்துவிடும்! கிரேடு 5 போல்ட் சதுர அங்குலத்துக்கு 1,20,000 பவுண்டு இழுவிசை தாங்கும். கிரேடு 8 தாங்குவது 1,50,000. நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 8.8-ம் 10.9-ம்தான். கோட்டோடு சேர்ந்து இருக்கும் எழுத்து, தயாரித்தவரின் முத்திரை. ஒரே இடத்தில் உள்ள நாலு போல்ட்டில் மூன்றில் ஒரே முத்திரை, ஒன்றில் மட்டும் வேறு என்றால், அந்த ஒன்றைச் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, மரை. 1960-களின் அமெரிக்க மசில் கார்களில் அங்குல மரைதான். 1969-ம் வருஷக் கமாரோவில் 8.8 என்று போட்ட மெட்ரிக் போல்ட் இருந்தால், அது பின்னால் யாரோ மாட்டியது.

மூன்றாவது, பெயிண்ட். செவ்ரோலெட் இன்ஜினைப் பூட்டி முடித்த பிறகுதான் ஆரஞ்சு வண்ணம் அடித்தார்கள். அதனால் போல்ட் தலையும் ஆரஞ்சாகவே இருக்கும். ஸ்பேனர் பட்டால் மூலையில் பெயிண்ட் உடையும். பேனட்டுக்குள் பளபளக்கிற ஸ்டெயின்லெஸ் போல்ட் பார்க்க அழகுதான்; ஆனால் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்தது.

நான்காவது, எண்கள். ஃபோர்டு உதிரி பாகத்தில் 'சி9இசட்இ' என்று தொடங்கினால், சி என்பது 1960-கள், 9 என்றால் 1969, இசட் மஸ்டாங், இ இன்ஜின் பிரிவு. இது வடிவமைத்த ஆண்டுதான், தயாரித்த தேதி அல்ல. செவ்ரோலெட் வார்ப்பில் தேதியே இருக்கும். 'சி 14 9' என்றால் மார்ச் 14. கடைசி 9, வருஷத்தின் கடைசி இலக்கம். அது 1959-ஆ, 1969-ஆ என்று வார்ப்பு எண்ணை வைத்து முடிவு செய்யணும். வண்டி பூட்டிய தேதிக்குப் பிந்தைய தேதி வார்ப்பில் இருந்தால்? அந்தப் பாகம் அந்த வண்டியோடு பிறந்ததே அல்ல!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரிஜினல் என்பதற்காக எதையும் மாட்டிவிட முடியாது. புது நட்டைக் கையால் திருகிப் பாருங்கள். பாதியில் இறுகினால் மரை நீண்டிருக்கலாம், கெட்டிருக்கலாம். பிரேக், ஸ்டீயரிங்கில் அதை மாட்டவே கூடாது. கிரேடு 8 போல்ட்டை ஆசிடில் போட்டு முலாம் பூசினாலும் ஆபத்து உண்டு. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பாரம் ஏறும்போது பட்டென்று முறியலாம். பூசிய கையோடு ஓவனில் சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும். அழகை விட உயிர் பெரிசு.

கோடு மட்டும் இருந்தால் நம்பிவிடலாமா? அதுவும் கூடாது. 1980-களில் அமெரிக்காவில் கிரேடு 8 என்று கோடு போட்ட மட்டமான போல்ட்டுகள் புகுந்து பெரிய பிரச்சினை ஆனது. அதனால் 1990-ல் போல்ட்டுக்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் மூலையிலிருந்த ஒரு டின்னை எடுத்து வந்தார். பழைய வெளிநாட்டு மெஷின்களில் கழற்றியது. எல்லாம் ஆறு கோடு!

"இதைத் தனியாதான் போடுவேன். ஏன்னு தெரியாது தம்பி. இது லேசுல உடையாது, அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

"அதுக்குப் பேரு கிரேடு எட்டுப்பா. நீங்க பிரிச்சது சரிதான்."

கொஞ்ச நேரம் ஒரு போல்ட்டை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப இத்தனை வருஷமா நானும் படிச்சிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றார்.

நண்பர்களே, அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய போல்ட்டைத் தட்டில் வீசுவதற்கு முன் அதன் தலையை ஒரு நிமிஷம் பாருங்கள். எந்த இடத்தில் கழற்றியது என்று ஒரு சீட்டில் எழுதி, பையில் போட்டு வையுங்கள். போல்ட்டின் தலையெழுத்தைப் படிக்க நமக்குச் சொல்லித்தர, நம் வீட்டிலேயே கூட யாராவது இருக்கலாம்!

– இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு