தவிடு நீக்காத சாமையும் பச்சை மொச்சையும்

கொல்லிமலையில் பனி இறங்கும்போதுதான் மொச்சைக்கு உயிர் வரும். நாட்டு மொச்சையை நீங்கள் எந்த மாதம் ஊன்றினாலும் அவசரப்படாது. பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். சாமை அதற்கு முன்பே கதிர் அறுத்துக் களம் சேர்ந்திருக்கும். சாமையோடு துவரை, மொச்சை, அவரை என்று கலந்து விதைத்த காட்டில் முதலில் தானியம், அப்புறம் பயறு என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும். மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் இவற்றை ஒன்றாகப் பிசறிச் சாப்பிடுவோம். டவுனில் இதற்கு ‘மில்லட் சாலட்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

செய்முறைக்கு முன்னால் சாமையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலை ஏறிய பிறகு சாமைக்காடு சுருங்கிப்போனது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். மரவள்ளி போட்டால் கையில் காசு. சாமை போட்டால் உரலும் உலக்கையும். குத்திக் குத்தித் தோள்பட்டை போனது பெண்களுக்குத்தான், எந்த வரவு செலவுக் கணக்கிலும் அது ஏறியதில்லை. இப்போது உமி நீக்கும் மிஷின் வந்து அந்தப் பாடு குறைந்திருக்கிறது. ஆனால் வியாபாரி வெள்ளையாகக் கேட்கிறார் என்று தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிடுகிறார்கள். நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது கடைகளில் சாமை பாக்கெட் நிறையத் தொங்கியது. பிரித்துப் பார்த்தால் பச்சரிசி மாதிரி பளபளப்பு!

அதனால் மிஷின்காரரிடம் பக்கத்திலேயே நின்று, “உமி மட்டும் போனாப் போதும்ணே, தவிடு இருக்கட்டும்” என்று சொல்லி வாங்குங்கள். மங்கலான பழுப்பில் இருக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்டு மீதியை உமியோடு வையுங்கள், வருசக்கணக்கில் கெடாது.

நாலு பேருக்கு ஒரு டம்ளர் சாமை போதும். கல் அரித்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். இரண்டேகால் டம்ளர் தண்ணீர் கொதித்ததும் போட்டு, சிறு தீயில் மூடி வேகவிடுங்கள். தண்ணீர் வற்றியதும் இறக்கிப் பத்து நிமிடம் தொடாதீர்கள். பிறகு தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி கடலெண்ணெய் தெளித்து ஆறவிட வேண்டும். சூட்டோடு கிளறினால் களிதான் கிடைக்கும்.

பச்சை மொச்சை ஒரு டம்ளர், பச்சைத் துவரை அரை டம்ளர், உப்புப் போட்டு வேகவையுங்கள். மொச்சை அரைவேக்காட்டில் நிற்கக் கூடாது, விரலால் நசுக்கினால் மாவாகணும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றை ஆவியில் அவித்துத் துண்டு போடுங்கள். முள்ளங்கியைப் பொடியாக நறுக்கி, உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்தால் அதன் நெடி அடங்கும். புளிப்புக்குப் பலரும் எலுமிச்சையைத் தேடுவார்கள். பெருநெல்லி மரத்தில் காய்த்துத் தொங்கும்போது அது எதற்கு? மூன்று காயைத் துருவிப் போட்டால் புளிப்பும் வரும், சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்தால் நாக்கு இனிக்கும். இஞ்சி, பச்சைமிளகாய் உங்கள் வாய்க்குத் தக்கபடி.

எல்லாவற்றையும் ஆறிய சாமையில் கொட்டிக் கையால் பிசறுங்கள். கரண்டி போட்டால் கிழங்கு உடையும். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலையைக் கடைசியில் தூவுங்கள். முன்னாடியே போட்டால் நமுத்துவிடும். அரை மணி நேரம் அப்படியே இருந்தால் நெல்லியின் புளிப்பு சாமையில் இறங்கும்.

தூக்குப்போசியில் காட்டுக்கு எடுத்துப் போனால் இந்தக் குளிருக்கு மதியம் வரை தாங்கும். தேங்காய்த் துருவல் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.