கப்பல் பயணம் செல்லும் நோயாளர்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை: ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தினருக்கான விளக்கம்

ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர் பகுதி மக்களுக்குக் கப்பல் பயணம் என்பது நெடுங்காலம் எட்டாத ஒன்றாகவே இருந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் 4 அன்று எம்பிரஸ் என்னும் சுற்றுலாக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூன் 5 அன்று அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கான பயணத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பலும் ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் முன்பதிவு செய்து, வயதான பெற்றோரை உடன் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இப்போது உள்ளன. அப்பெற்றோரில் பலர் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றுக்கு நாள்தோறும் மருந்து உட்கொள்பவர்கள். அவர்களும் அவர்களைப் பராமரிப்போரும் பயணப்பையில் எவற்றை வைக்க வேண்டும், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இரயிலில் செல்லும்போது மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த ஊரில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம். கடலில் அதற்கு வழியில்லை. 108 அவசர ஊர்தி கரையோடு நின்றுவிடும். பெரிய சுற்றுலாக் கப்பல்களில் மருத்துவரும் சிறிய மருத்துவ அறையும் உண்டு. ஆனால் டயாலிசிஸ், அறுவை சிகிச்சை, இரத்த வங்கி போன்ற வசதிகளை அங்கு எதிர்பார்க்க இயலாது. அவ்வறையில் பெறும் சிகிச்சைக்குரிய கட்டணத்தைப் பயணியே செலுத்த நேரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தொழிலாளர்களும் அட்டையைக் காட்டிக் கப்பலில் சிகிச்சை பெறலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கை போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குச் செல்வோர், ஏற்கெனவே உள்ள நோய்களையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுத்துக்கொள்வது அவசியம்.

பயணத்திற்கு ஏற்ற காலம்

பட்டாசு ஆலைகளுக்கு நீண்ட விடுப்பு கிடைப்பது தீபாவளிக்குப் பிறகு. வங்கக் கடலில் வடகிழக்குப் பருவமழை தீவிரமடைவதும் அதே நாட்களில்தான். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் கப்பல் சேவை, பருவமழையை முன்னிட்டு ஒரு வாரத்திற்குள் நிறுத்தப்பட்டது என்பதை நினைவில் கொள்க. அலை மிகுந்தால் வாந்தி மிகும். கப்பல் திரும்புவதும் தாமதமாகலாம். இதய நோயாளிகள், முதியோர், எளிதில் குமட்டல் வருவோர் ஆகியோர் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான அமைதியான காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிவகாசிப் பங்குனிப் பொங்கல் விடுமுறை இதற்குப் பொருத்தமாக அமையும்.

கையிலேயே இருக்க வேண்டிய பை

சுற்றுலாக் கப்பல்களில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே பெற்றுக்கொள்வர். அவை அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். நண்பகல் மாத்திரையும் மாலை இன்சுலினும் அப்பெட்டிக்குள் இருந்தால் வேளை தவறிவிடும். எனவே மருந்துகள் அனைத்தும் தோளில் மாட்டும் சிறு பையில், நோயாளியிடமோ உடன் செல்பவரிடமோ இருத்தல் வேண்டும்.

பயண நாட்களுக்கான அளவுடன் மேலும் ஒரு வாரத்திற்கான மருந்தைச் சேர்த்துக்கொள்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே மாத்திரை பெறுவோர், மருந்து தீரும் வாரத்தில் பயணம் அமைந்தால், மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மாத்திரைகளைக் காகித உறையில் இட்டு வாங்கி வருவது நம் வழக்கம். அயல்நாட்டுச் சுங்கச் சோதனையில் பெயரற்ற மாத்திரைகள் ஐயத்தை எழுப்பும். கப்பல் மருத்துவருக்கும் அவற்றை அடையாளம் காண்பது கடினம். இயன்றவரை பெயர் அச்சிடப்பட்ட அட்டையோடு கொண்டு செல்லுங்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, கடும் வலிநிவாரணி ஆகியவற்றுக்கு மருத்துவரின் கடிதம் தேவை. சித்த மருத்துவச் சூரணங்களையும் முத்திரையிட்ட மூல உறையிலேயே எடுத்துச் செல்க. வெறும் பொட்டலமாக வேண்டாம்.

நோய்களின் பெயர், மருந்துகளின் மூலப்பெயர், அளவு, ஒவ்வாமை, இரத்த வகை, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, இரு படிகள் எடுத்து, ஒன்றை உடன் செல்பவர் வைத்திருக்க வேண்டும். இதய நோயாளிகள் கடைசியாக எடுத்த இ.சி.ஜி.யின் நகலையும் வைத்துக்கொள்வது நன்று. பழைய இ.சி.ஜி.யோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் கப்பல் மருத்துவர் விரைவில் முடிவெடுப்பார்.

இன்சுலின் பயன்படுத்துவோர்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியை 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். உறையில் உள்ள குறிப்பையும் காண்க. சாத்தூரிலிருந்து சென்னைக்கு இரவு இரயில், பின்னர் துறைமுகத்தில் வெயிலில் காத்திருப்பு என நீளும் வழியில், வாயகன்ற பிளாஸ்கோ குளிர்காப்புப் பையோ போதுமானது. பனிக்கட்டியின்மீது குப்பி நேரடியாகப் படக் கூடாது. உறைந்த இன்சுலின் உருகிய பின்பும் பயன்படாது. கப்பல் அறையிலுள்ள சிறு குளிர்பெட்டி போதிய குளிர்ச்சி தராதிருக்கலாம். மருத்துவ அறையின் குளிர்பெட்டியில் வைத்துத் தருமாறு கேட்கலாம். பயன்படுத்திய ஊசிகளைப் போட மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்றும் தேவை.

குளுக்கோமீட்டர், போதிய சோதனைப் பட்டைகள், குளுக்கோஸ் பொடி ஆகியவற்றை மறவாதீர். இன்சுலின் செலுத்திய பின் அலையால் வாந்தி ஏற்பட்டு உணவு தங்காவிட்டால், சர்க்கரை அளவு அபாயகரமாகக் குறையலாம். கப்பல் பயணத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து இதுவே. வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால் உடனே சர்க்கரை கலந்த நீரைக் கொடுத்து மருத்துவ அறைக்குத் தெரிவிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அதே வேளையில், வாந்தி எடுக்கிறார் என்பதற்காக இன்சுலினை முற்றிலும் நிறுத்திவிடுவதும் தவறு. அளவை மருத்துவரே மாற்ற வேண்டும். இலங்கையிலும் அந்தமானிலும் நம் நேரமே கடைப்பிடிக்கப்படுவதால் ஊசி போடும் வேளையை மாற்ற வேண்டியதில்லை. சிங்கப்பூர், மலேசியா செல்வோர் இரண்டரை மணி நேர வேறுபாட்டுக்கு ஏற்ப மருத்துவரிடம் அட்டவணை பெற்றுச் செல்ல வேண்டும்.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்கள்

மருந்துத் தூசியில் பல ஆண்டுகள் பணிபுரிந்து மூச்சுத் திணறலுக்கு ஆளானோர், இன்ஹேலர் இரண்டையும் ஸ்பேசரையும் கொண்டு செல்ல வேண்டும். மேல்தளத்தில் புகைபோக்கியின் அருகே நிற்பதைத் தவிர்க்கவும். நெபுலைசர், உறக்க மூச்சுக் கருவி ஆகியவற்றுக்கும் ஆக்சிஜனுக்கும் கப்பல் நிறுவனத்தின் முன் அனுமதி பெற வேண்டும்.

தீக்காயம் ஆறிய தழும்புகளைக் கடல் வெயில் விரைவில் கருமையாக்கும். புதிய தழும்பு எளிதில் கொப்புளிக்கவும் கூடும். முழுக்கைப் பருத்திச் சட்டை, அகன்ற தொப்பி, மருத்துவர் பரிந்துரைத்த களிம்பு ஆகியன தேவை. அழுத்த ஆடை அணிவோர் இரண்டு எடுத்துச் சென்றால், ஒன்று துவைத்து உலரும் நேரத்தில் மற்றொன்று உதவும்.

வெடிச் சத்தத்தாலோ முதுமையாலோ செவித்திறன் குறைந்தோர் குறித்துத் தனியே கூற வேண்டியுள்ளது. ஏழோ அதற்கு மேற்பட்டோ குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கப்பலின் பொது அபாய அறிவிப்பாகும். இரவில் செவிக்கருவியைக் கழற்றி வைத்து உறங்குபவருக்கு இது கேட்காது. ஆகவே உடன் செல்பவர் அதே அறையில் தங்க வேண்டும்; கப்பல் ஊழியரிடமும் முன்பே தெரிவிக்க வேண்டும். செவிக்கருவிக்கு மாற்று மின்கலங்கள் வைத்திருங்கள். கப்பல் புறப்படும்போது நடைபெறும் பாதுகாப்புப் பயிற்சியில் நோயாளியையும் பங்கேற்கச் செய்யுங்கள். அப்பா களைப்பாக இருக்கிறார், படுத்திருக்கட்டும் என்று விட்டுவிடுதல் சரியன்று.

குமட்டலும் வயிற்றுப்போக்கும்

கொடைக்கானல் செல்லும்போது வாங்கும் வாந்தி மாத்திரையே கடலுக்கும் பயன்படும். குமட்டல் தொடங்கிய பின் உட்கொள்வதால் பயன் குறைவு. மருத்துவர் கூறியபடி, பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகவே உட்கொள்ள வேண்டும். இவை உறக்கத்தை வரவழைப்பதால் முதியோர் தடுமாறி விழ நேரிடலாம். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. முன்பதிவின்போதே அதைக் கேட்டுப் பெறலாம்.

பலர் ஒரே இடத்தில் உண்பதால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் கப்பலில் விரைவில் பரவும். அவற்றுள் முக்கியமான நோரோ வைரசுக்குக் கைத்தூய்மி திரவம் போதாது. சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே தக்கது. எனவே சிறிய சோப்பு ஒன்றையும், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஐந்தாறையும் வைத்துக்கொள்க. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். சாத்தூர்க் காராச்சேவும் ஊறுகாயும் பயணத் துணையாவது இயல்பே. உப்பைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு மட்டும் அவை வேண்டாம்.

கொண்டு செல்லக் கூடாதவை

உறவினருக்குப் பரிசாகப் பட்டாசு கொண்டு செல்வது நம் பகுதியில் அன்பின் அடையாளம். ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி கூடக் கப்பலில் அனுமதிக்கப்படாது. இரயிலிலும் அது குற்றமாகும். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். ஆலையில் உடுத்திய ஆடை, காலணி, பை ஆகியவற்றையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அவற்றில் படிந்த மருந்துத் துகள் வெடிபொருள் சோதனையில் தேவையற்ற விசாரணைக்கு இடமளிக்கக்கூடும். தீப்பெட்டி, சூடம், ஊதுவத்தி, மின் அடுப்பு, நீர் கொதிக்க வைக்கும் கம்பி ஆகியனவும் கூடா. நோயாளிக்குக் கஞ்சி தேவையெனில் சமையலறையிடம் கேட்டால் வெந்நீரோ கஞ்சியோ கிடைக்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர், அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ கண்டோர் ஆகியோர் சிகிச்சையளிக்கும் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலின்றிப் பதிவு செய்ய வேண்டாம். பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்கள் 24 வாரம் நிறைந்த கர்ப்பிணிகளை ஏற்பதில்லை. ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். இலங்கையில் கரையிறங்கிய பின் அவசர ஊர்திக்கான எண் 1990. திரும்பி வந்த இரண்டு வாரத்திற்குள் காய்ச்சல் ஏற்பட்டால், எங்கெங்கு சென்றீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள்; டெங்கு உள்ளிட்ட பரிசோதனைகளை அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.