குற்றாலத்துக்கு அப்பால்

புகைப்படக் கருவியுடன் நெல்லைச் சீமைக்குச் செல்லும் நம் வாலிபர் யாவரும் குற்றாலத்தருவியின் முன் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்கின்றனர். இஃதென்ன மோகம்! பொதிகையிற் பிறந்த பொருநை, திருப்புடைமருதூரில் கடனாநதியோடு கூடும் துறையைக் கண்டவர் சிலரே. அங்கே மருத மரங்களிற் கொக்கும் நாரையும் கூடு கட்டும். அப்பறவைகளின் பொருட்டு 2005-ல் அவ்வூர் காப்பகமாயிற்று. மேற்கே மலைத்தொடர், இடையே நெல்வயல், கோயிற் கோபுரம். விடியலில் இளவெயில் நேரே மலைமேல் விழும். முறப்பநாட்டில் ஆறு திரும்புவதும் காணத்தக்கது.

இத்தகைய நதியை மணற்கொள்ளையும் சாக்கடையும் நலிவிக்கின்றன. ஆகவே, நண்பர்களே, அழகை மட்டுமன்றி அரிப்புண்ட கரையையும், கழிவுநீர் விழும் துறையையும் படமெடுத்து, இடமும் நாளும் குறித்து வையுங்கள். ‘அப்படியொன்றும் நடக்கவில்லை’ என்று நாளை அதிகாரிகள் சாதிக்கும்போது, எடுத்து நீட்ட அது வேண்டும்.