இங்கே சுடுவது தோசை! லண்டனில் பரிசு வாங்கிய தமிழ் விளையாட்டு

வாசுதேவநல்லூரில் விடியற்காலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு மணம் வரும். அடுப்பில் இட்லிக் கொப்பரை ஏறி, ஆவி கிளம்பும் மணம் அது.

அந்த இட்லியை வைத்து ஒரு தமிழர் விளையாட்டு ஒன்று செய்தார். கம்ப்யூட்டரில் விளையாடும் விளையாட்டு. அதற்கு லண்டன் மாநகரில் பரிசு கிடைத்தது!

"இட்லியில் என்ன விளையாட்டு?" என்று பாட்டிமார்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

விளையாட்டின் பெயர் "வெண்பா". அதை உருவாக்கிய கம்பெனியின் பெயர் "விசை கேம்ஸ்". பெயர்தான் தமிழ். கம்பெனி இருப்பதோ கடல் கடந்து, கனடா நாட்டின் டொராண்டோ நகரில். விளையாட்டை வடிவமைத்தவர் அபி. படங்களைத் தீட்டியவர் சாம் எல்கானா. ஒரு சிறிய குழுவின் உழைப்பு இது.

சீட்டுக்கட்டில் பிறந்த தொழில்

இதன் புதுமை விளங்க வேண்டுமானால், ஒரு நிமிடம் ஜப்பானுக்குப் போய் வர வேண்டும்.

அங்கே கியோட்டோ நகரில் 1889-ம் ஆண்டு ஒரு கம்பெனி தோன்றியது. பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து விற்பது அதன் வேலை. அந்தக் கம்பெனிதான் "நிண்டெண்டோ". காலம் மாறியதும் அது மின்சார விளையாட்டுகளுக்குத் தாவியது. 1981-ல் "டாங்கி காங்" என்ற விளையாட்டை வெளியிட்டது. ஒரு பெரிய குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடும். உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்து, அவளை மீட்க வேண்டும்.

1983-ல் வீட்டு டெலிவிஷனில் பொருத்தி விளையாடும் கருவியைக் கொண்டுவந்தது. அது உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்றது!

குதி, ஓடு, அடி, சுடு! இப்படித்தான் பல விளையாட்டுகள் வளர்ந்தன.

"வெண்பா"விலும் சுடுவது உண்டு. ஆனால் சுடுவது தோசை!

அம்மாவின் சமையல் ஏடு

கதை 1988-ல் தொடங்குகிறது. வெண்பா என்ற பெண்ணும் அவள் கணவன் பாவலனும் தமிழ்நாட்டை விட்டுக் கனடாவுக்குக் குடிபோகிறார்கள். குளிர் நாடு. சொந்தபந்தம் இல்லை. "ஊருக்கே திரும்பிவிடலாமா?" என்ற யோசனை. அந்த வேளையில்தான் வெண்பா தாயாகப் போகிறாள் என்று தெரிகிறது. பிள்ளைக்காக அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

வெண்பாவிடம் அவள் தாயார் தந்த சமையல் குறிப்பு ஏடு இருக்கிறது. அதில் சில இடங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. அழிந்த இடத்தில் என்ன இருந்தது? அதை யோசித்துக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு.

இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது? தவறாக அடுக்கினால் ஆவி மேலே போகாது, இட்லி வேகாது. புட்டுக்கு எதை முதலில் போடுவது? பிரியாணிக்கு எது முன், எது பின்? தவறினால் உயிர் போகாது. மறுபடி செய்து பார்க்கலாம். சமையலறையில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும்.

மகன் மறந்த மொழி

மகன் கவின் வளர்கிறான். பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் "கெவின்" ஆகிவிடுகிறது. அம்மா தமிழில் பேசினால் மகன் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். அம்மா ஆசையாகச் சமைத்த சாப்பாடு அவனுக்கு வெட்கமாக இருக்கிறது.

பின்னொரு நாள் அதே சாப்பாட்டுக்காக அவன் மனம் ஏங்குகிறது. பாட்டியின் ஏட்டை எடுத்து விரிக்கிறான். ஏடு தமிழில் இருக்கிறது. அவனுக்கோ தமிழ் தடுமாறுகிறது! முன்பு ஏடு கிழிந்திருந்தது. இப்போது மொழியே கிழிந்து நிற்கிறது.

தாயும் மகனும் கடைசியில் என்ன ஆனார்கள்? அதை இங்கே சொல்லப் போவதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடியும் விளையாட்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

குவிந்த பரிசுகள்

2023 ஜூலை 31-ந் தேதி "வெண்பா" வெளிவந்தது. சீட்டுக்கட்டில் தொடங்கிய அந்த ஜப்பான் கம்பெனியின் "ஸ்விட்ச்" கருவியிலும் தமிழ்நாட்டு இட்லி வெந்தது!

2024 மார்ச் மாதம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், சிறிய கம்பெனிகளின் விளையாட்டுகளுக்கான விழாவில் முதற்பரிசு கிடைத்தது. மறு மாதமே லண்டனில் "பாஃப்டா" பரிசு. ஒரு கம்பெனியின் முதல் படைப்புக்குத் தரும் பரிசு அது. கடைசிச் சுற்றுவரை வந்த மற்ற விளையாட்டுகளை இட்லிக் கொப்பரை வென்றுவிட்டது!

நம் பக்கத்திலும் வெளிநாட்டில் பேரன் பேத்தி உள்ள பாட்டிமார்கள் உண்டு. போனில் முகம் தெரிகிறது. "சாப்பிட்டியா கண்ணு?" என்று பாட்டி கேட்கிறாள். பிள்ளை சிரிக்கிறது, பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று தாயார் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கிறாள்.

அந்தப் பாட்டி ஒரு நோட்டு வாங்கட்டும். குழம்புக்கு எத்தனை மிளகாய், மாவுக்கு எவ்வளவு உளுந்து என்று தன் கையாலேயே எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் சொல்லட்டும். வீட்டில் படித்த பிள்ளை எழுதட்டும். அடுத்த முறை பேரன் ஊருக்கு வரும்போது, அந்த நோட்டை அவன் கையில் கொடுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லட்டும்.

படித்து முடித்தால் பரிசு உண்டு. சூடாக நாலு இட்லி!