வகுப்பறைத் தொழினுட்பமும் வேறுபட்ட மாணவரும்: மாங்கேணியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஒரே வகுப்பில் ஒரே பாடநூலுடன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் யாவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பது ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்ததொன்றாகும். இத்தனியாள் வேறுபாட்டை ஏற்று, கற்கும் பொருளையும் கற்கும் முறையையும் கற்றதை வெளிப்படுத்தும் வகையையும் மாணவர்க்கேற்ப மாற்றியமைத்தலே வேறுபடுத்திய கற்பித்தல் எனப்படும். அமெரிக்கக் கல்வியாளர் கரோல் ஆன் டொம்லின்சன் இக்கருத்தை விரிவாக வளர்த்தவர்களுள் ஒருவர். கணினி முதலிய சாதனங்கள் இம்முறைக்கு எவ்வளவு துணைபுரியும் என்பதை, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாலுள்ள மாங்கேணி போன்ற ஒரு கிராமத்தை மனத்திற்கொண்டு ஈண்டு நோக்குவாம்.

1. மாணவரிடை வேறுபாடு

மாங்கேணி, கோறளைப்பற்று வடக்குப் பிரதேசத்தில், வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையே திருகோணமலை வீதியை அண்டி அமைந்துள்ளது. கடலையும் களப்பையும் சேனையையும் நம்பிய குடும்பங்கள் இப்பிரதேசத்தில் வாழ்கின்றன. தமிழ் பேசும் கரையோர வேடரும் இப்பிரதேசத்து மக்களே. 1911 ஆம் ஆண்டில் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூலும் கரையோர வேடரைப் பற்றிக் குறிப்பிடுகின்றது. மீன்பிடிப் பருவத்திற்கேற்பப் பெற்றோர் இடம்பெயரும்போது பிள்ளைகளின் வரவு குன்றுவதும் இத்தகைய ஊர்களின் இயல்பாகும்.

இவற்றுக்கு மேலாக 2004 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆழிப்பேரலையும், 2006, 2007 ஆம் ஆண்டுகளிற் போரினால் நேர்ந்த இடப்பெயர்வும் வாகரைப் பகுதியின் பள்ளி வாழ்வைக் குலைத்தன. அன்று கல்வி இடையறுந்த பிள்ளைகளிற் பலர் இன்று தாய் தந்தையராயிருக்கும் வயதினர். வீட்டிற் பாடஞ் சொல்லிக்கொடுக்க இயலாத பெற்றோரின் பிள்ளை பள்ளியை மட்டுமே நம்பியிருக்கின்றது. ஆயினும் தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாளையே வழங்குகின்றது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளை அவ்வினாத்தாளின் முன் அமரும்போது, பிந்தியது பிள்ளையா, கற்பித்தலா என வினவுவார் இலர்.

2. மரபிலிருந்த முறை

ஒவ்வொருவர்க்கும் அவரவர் நிலைக்கேற்பக் கற்பித்தல் மேனாட்டிலிருந்து நமக்குப் புதிதாக வந்ததன்று. திண்ணைப் பள்ளியில் ஒரு பிள்ளை மணலில் அரிச்சுவடி எழுத, மற்றொரு பிள்ளை ஏட்டில் எண்சுவடி படிக்கும். முன்னேறிய சட்டாம்பிள்ளை பின்தங்கியோரைக் கவனிப்பான். எழுதி அழித்து மீண்டும் எழுத இடந்தந்த மணல், தவறுக்கு அஞ்சாது பயில உதவிய சிக்கனமான தொழினுட்பமாகும். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் மேற்பார்வை செய்த அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றிற் சிறார் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் இல்லத்திற் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் தம் முறையைப் பற்றி அவர் 1797 இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது 'சென்னை முறை' எனப் பிரித்தானியாவிற் பரவியது.

இதனை ஒத்த சிந்தனையை அண்மைக் காலத் தமிழ்நாட்டிலும் காண்கிறோம். ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைத் தழுவி, 2003 ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிற் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. 2007 அளவில் அது மாநிலமெங்கும் விரிந்தது. பாடம் சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு ஏணி போன்று சுவரில் வரையப்பட்டிருக்கும். பிள்ளை தான் நிற்கும் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கு வாராதிருந்து மீண்ட பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரும். இடையீடுபட்ட வரவுள்ள கரையோரக் கிராமங்கட்கு இவ்வொரு பண்பே பெரும் பயன் தருவதாகும். எனினும் அட்டையை முடிப்பதே கற்றல் எனக் கொள்ளப்படின், இம்முறையும் வெறுஞ் சடங்காகிவிடும்.

3. கருவியால் ஆவதும் ஆகாததும்

பல்லூடக எறியி வகுப்பு முழுவதற்கும் ஒரே படத்தைக் காட்டுகின்றது. அது பாடத்தை அழகுபடுத்தலாம், வேறுபடுத்துவதில்லை. கரும்பலகை செய்ததையே அது வெளிச்சத்துடன் செய்கின்றது. இதற்கு மாறாக, பிள்ளையின் விடையைக் கொண்டு அதன் நிலையை அறிந்து அடுத்த பயிற்சியைத் தெரிவு செய்யும் கணினி நிரல்கள் உள்ளன. டில்லியில் இத்தகைய நிரலொன்றைப் பயன்படுத்திய மாலைநேர நிலையங்களைப் பற்றி முரளிதரன், சிங், கனிமியன் ஆகியோர் நடத்திய ஆய்வு 2019 இல் வெளிவந்தது. ஏறத்தாழ நாலரை மாதங்களிற் கணிதத்திலும் மொழியிலும் மாணவர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தனர். அங்குக் கணினி முன் கழிந்த நேரத்துக்குச் சமமான நேரம் சிறு குழுவில் ஆசிரியத் துணைவரோடும் கழிந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கருவியின் உறுதிப்பாடும் எண்ணத்தக்கது. 2020 இற் கொவிட் தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைய வழிக் கல்வி இணைப்பும் கைத்தொலைபேசியும் உள்ளோர்க்கே எட்டிற்று. 2022 மார்ச்சில் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நிலவியது. அதே மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளும் ஒத்திவைக்கப்பட்டன. ஆதலின் இணையமின்றியும், வேண்டின் மின்சாரமின்றியும் இயங்கத்தக்க ஏற்பாடே கிராமப் பள்ளிக்கு உகந்தது.

4. ஒரு பாட அமைப்பு

தரம் 4 இல் நிறுத்தலளவை கற்பிக்கப்படுவதாகக் கொள்வோம். களப்பில் இறாலும் நண்டும் பிடித்து நிறுத்து விற்பதைப் பிள்ளைகள் நாளும் காண்பவர். அவ்வனுபவமே பாடத்தின் தொடக்கமாகலாம். வாசிப்பிற் பின்தங்கிய குழு, ஆசிரியர் தம் கைத்தொலைபேசியில் முன்னரே பதிவு செய்த பகுதியைக் கேட்டவாறு அச்சொற்களை விரலாற் சுட்டி வாசிக்கும். இரண்டாங் குழு படிமுறை அட்டைகளைக் கொண்டு கிராம், கிலோகிராம் கணக்குகளைச் செய்யும். மூன்றாங் குழு ஒரு நாட் பிடிப்பின் விலையைக் கணித்து விற்பனைப் பட்டியல் ஒன்றை எழுதும். இவ்விரு குழுக்களும் தாமே இயங்கும் அந்த இருபது நிமிடங்களில் ஆசிரியர் முதற் குழுவின் அருகே அமர்ந்து ஒவ்வொரு பிள்ளையும் எவ்விடத்தில் இடறுகின்றது எனக் குறித்துக்கொள்ளலாம்.

இவ்வமைப்பு நம் கலைத்திட்டத்துக்குப் புறம்பானதன்று. 1997 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பகுத்து, விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகியவற்றை இணைத்ததோடு, பிள்ளை அடையவேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகளையும் வரையறுத்தது. குறைபாடு கொள்கையிலன்று, அதனை நடைமுறைப்படுத்த ஆசிரியர்க்குக் கிடைக்கும் நேரத்திலேயே உள்ளது.

முடிவுரை

எனவே, வகுப்பறைக்கு வரும் கருவி எதனையும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும். பின்தங்கிய பிள்ளையின் அருகில் அமர ஆசிரியர்க்கு அது நேரம் தேடித்தருகின்றதா என்பதே அவ்வளவுகோல். தருமாயின் ஓர் அட்டையும் உயர்ந்த தொழினுட்பமே. தாராதாயின் விலையுயர்ந்த கணினிக்கூடமும் பூட்டிய அறையாகவே எஞ்சும். கருவிகளை வழங்குவோர் அவற்றுடன் ஒலிப்பதிவும் அட்டையும் ஆக்கும் பயிற்சியையும், அதற்கான நேரத்தையும் ஆசிரியர்க்கு வழங்குவாராயின், மாங்கேணி போன்ற ஊர்களின் பிள்ளைகள் பரீட்சைத்தாளின் முன் தடுமாறி நிற்கும் நிலை மாறும் என்பது எமது துணிபு.