பூண்டு: நசுக்கிப் போடுவதா, முழுசாகப் போடுவதா?

முழுப்பூண்டை முகர்ந்து பார்த்தால் பெரிதாக வாசனை தெரியாது. ஒரு பல்லை நகத்தால் கீறினால் கையெல்லாம் மணக்கும். பல்லுக்குள் அல்லியின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. பல் நசுங்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. பூண்டின் காரமும் நெடியும் அதிலிருந்துதான் வருகின்றன. அந்த நொதிக்குச் சூடு ஆகாது. உரித்த பல்லை முழுசாக வேகவைத்தால் காரம் பிறக்கும் முன்பே நொதி செயலிழந்து, பூண்டு இனிப்பாக, வெண்ணெய்போல் மசியும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் போட்டால் காரம் கூடுதலாக நிற்கும். ஆகவே எத்தனை பல் என்பதைவிட, எப்படிப் போடுகிறோம், எப்போது போடுகிறோம் என்பதில்தான் ருசி இருக்கிறது.

ரசத்துக்கு மிளகு, சீரகத்தோடு பூண்டைத் தோலுடன் தட்டிப் போடுகிறோம். நுரை கட்டியதும் இறக்கிவிடுவதால் நெடி குறையாமல் இருக்கும். கீரை மசியலுக்கு அந்த நெடி வேண்டாம்; பல்லை முழுசாகக் கீரையோடு வேகவைத்துக் கடைந்தால் போதும்.

பூண்டுக் குழம்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குழம்பு கமகமவென்று இருக்கும், பூண்டைக் கடித்தால் நறுக்கென்று இருக்கும். காரணம் புளி. புளிப்பான தண்ணீரில் காய்களின் திசு எளிதில் இளகாது. எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் பூண்டு அரைவேக்காட்டிலேயே நிற்கும். முதலிலேயே நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, தீயைக் குறைத்து, பல் பொன்னிறமாகி விரலால் அழுத்தினால் நசுங்கும்வரை வதக்குங்கள். புளிக்கரைசல் அதற்குப் பிறகுதான். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் குழம்பிலும் இந்தப் பக்குவம் மிக முக்கியம். பூண்டு வாயில் கரைய வேண்டும்.

பொடியாக நறுக்கிய பூண்டு நொடியில் கருகும், கருகினால் கசக்கும், அந்தக் கசப்பை எதைச் சேர்த்தாலும் போக்க முடியாது. வெங்காயம் பாதி வதங்கிய பிறகு சேர்ப்பதே நல்லது.

வாங்கும்போது கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, அளவுக்கேற்ற கனத்தோடு இருக்க வேண்டும். அமுங்கினால் உள்ளே பல் வற்றியிருக்கிறது. தோலுக்கடியில் கரும்பொடி தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்துப் பூண்டு. வட மாநிலங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை அறுவடை. அந்தச் சமயத்தில் விலை இறங்கும், ஆனால் ஈரத்தோலோடு வரும் புதுப்பூண்டை மொத்தமாக வாங்கி அடுக்கினால் அழுகிவிடும். தோல் சருகாகக் காயும்வரை பொறுத்து வாங்குங்கள். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரமும் மணமும் தனி. விலை கூடுதல்தான், ரசத்துக்கும் துவையலுக்கும் அது தகும் என்பேன். முழுசாக வேகவைக்கும் சமையலுக்குச் சாதாரணப் பூண்டே போதும்.

பூண்டு உயிருள்ள கிழங்கு. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும். ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் அந்தக் குளிர்ச்சி முளைவிடத் தூண்டும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் மூங்கில் கூடையிலோ வலைப்பையிலோ வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். முளைவிட்ட பூண்டு விஷமல்ல. நடுவில் இருக்கும் பச்சைக் குருத்து லேசாகக் கசக்கும். சட்னிக்கு மட்டும் அதைக் கிள்ளி எறியுங்கள். உரித்த பல்லை ஈரமில்லாமல் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம். இஞ்சி பூண்டு விழுதை அதிகமாக அரைத்தால் ஃப்ரீசர்தான் சரியான இடம். விழுது பச்சை நிறமாக மாறினால் பயப்பட வேண்டாம், பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்களின் வேலைதான் அது.

உண்மையில் பயப்பட வேண்டியது எண்ணெயில் ஊறும் பச்சைப்பூண்டைத்தான். மண்ணிலிருந்து பூண்டோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் வளர்ந்து கடும் நஞ்சை உண்டாக்கும். நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்காது. 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைச் சாப்பிட்ட பலர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். எண்ணெயில் போட்டால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள், அடுப்பு மேடையில் விட்டுவைக்காதீர்கள். பூண்டு ஊறுகாயில் சேர்க்கும் எலுமிச்சைச் சாறும் புளியும் ருசிக்காக மட்டுமல்ல. அந்தப் புளிப்பு போதுமான அளவு இருந்தால் இந்தக் கிருமி வளராது. எண்ணெய்தான் மேலே மிதக்கிறதே என்று புளிப்பையும் உப்பையும் குறைத்துவிடாதீர்கள்.